ஒரே காட்சி, வேறு வேறு ரூல்: உங்கள் மேஜைக்கு எந்த ஆர்பிஜி சிஸ்டம் சரிப்படும் என்று பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

புதுச்சேரியிலும் கடலூரிலும் டேபிள்டாப் ஆர்பிஜி (மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு) ஆடுகிறவர்களில் நான் பார்த்தவரை பாதிக்கு மேல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) ஐந்தாம் பதிப்பில்தான் ஆரம்பிக்கிறார்கள். கொஞ்ச நாள் போனதும் "வேற ஏதாவது ஆடலாமா" என்று ஒருவர் கேட்பார். உடனே குரூப்பில் பத்து பெயர் வந்து விழும், ஆளுக்கொரு வீடியோ அனுப்புவார்கள், கடைசியில் யாருக்கு நன்றாகப் பேச வருகிறதோ அவர் சொன்ன புத்தகத்தைக் காசு போட்டு வாங்கி, இரண்டு செஷன் ஆடிவிட்டு அலமாரியில் வைத்துவிட்டுப் பழையதற்கே திரும்பிவிடுவார்கள்.

ரூல்புக்கைப் படித்து மட்டும் சிஸ்டங்களை ஒப்பிட முடியாது. ஒரே ஆட்கள், ஒரே காட்சி, ஒரே கேரக்டர்கள் என்று வைத்துக்கொண்டு ரூலை மட்டும் மாற்றி ஆடிப் பார்க்க வேண்டும். பார்க்கும்போது ரோல் (பகடை உருட்டல்) ஜெயிக்கிற இடத்தை விட்டுவிடுங்கள், ஜெயித்தால் எல்லா சிஸ்டத்திலும் நினைத்தது நடக்கும், அவ்வளவுதான். ரோல் தோற்கிற இடத்தில்தான் ஒவ்வொன்றின் குணமும் வெளியே வரும்.

1. முதலில் புகாரை எழுதுங்கள்

எந்த சிஸ்டம் என்ற பேச்சே இன்னும் வேண்டாம். இப்போது ஆடுவதில் என்ன பிடிக்கவில்லை என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். சேர்ந்து பேசினால் முதலில் வாய் திறந்தவரின் புகார் எல்லோருடைய புகாராகிவிடும்.

வருகிற புகார்கள் பெரும்பாலும் நாலைந்து வகைக்குள் அடங்கும். "ஒரு சண்டை முடிய ஒன்றரை மணி நேரம் ஆகுது." "பூட்டைத் திறக்க ரோல் போட்டு தோத்தா, சும்மா நிக்கிறோம், மறுபடி போடறோம்." "என் கேரக்டர் சாகவே மாட்டான்னு தெரியும், அப்புறம் என்ன பயம்?" ஜிஎம் (கேம் மாஸ்டர், கதையை நடத்துபவர்) எழுதுவது பெரும்பாலும் தயாரிப்பு வேலையைப் பற்றி இருக்கும்.

இவற்றில் எவை ரூலால் தீரும், எவை தீராது என்று பிரித்துவிடுங்கள். ஒருவர் எப்போதும் முக்கால் மணி நேரம் தாமதமாக வருகிறார், இன்னொருவர் தன் முறை வரும்வரை ரீல்ஸ் பார்க்கிறார் என்பதற்கெல்லாம் உலகத்தில் எந்த ரூல்புக்கிலும் மருந்து கிடையாது. இதைப் பிரிக்காமல் சிஸ்டம் மாற்றுகிறவர்கள்தான் மூன்று மாதத்துக்கு ஒரு சிஸ்டம் என்று ஓடிக்கொண்டே இருக்கிறார்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

ஆட்கள்: ஒரு ஜிஎம், மூன்று அல்லது நான்கு பேர், எல்லா செஷனுக்கும் அதே ஆட்கள். சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு வார இறுதியில் மட்டும் ஊருக்கு வருகிறவர்களை நம்பி இதைத் திட்டமிட வேண்டாம். நடுவில் ஓர் ஆள் மாறினாலும் நீங்கள் ஒப்பிடுவது சிஸ்டத்தை அல்ல, ஆட்களை.

இடம்: சத்தமில்லாத வீடு போதும். லாஸ்பேட்டையிலோ மஞ்சக்குப்பத்திலோ யார் வீட்டு மாடியாவது இருந்தால் நல்லது. வெள்ளை நகரத்து கஃபேக்களில் வார இறுதிக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் மேஜையைப் பிடித்து வைக்க முடியாது. சில்வர் பீச்சில் ஆடலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். கேரக்டர் ஷீட் ஒரு பக்கம் பறக்கும், டைஸ் மணலுக்குள் போகும்.

டைஸ்: ஆறு முகப் பகடை எந்த ஃபேன்ஸி ஸ்டோரிலும் கிடைக்கும், ஏழெட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டி20 (இருபது முகப் பகடை) உள்ள செட் ஒன்றை ஆன்லைனில் வாங்கினால் போதும், எல்லோருக்கும் தனித்தனியாக வேண்டாம். ஃபேட் சிஸ்டத்துக்கான தனி டைஸைத் தேடி அலைய வேண்டியதில்லை: சாதாரணப் பகடையில் 1, 2 விழுந்தால் கழித்தல், 3, 4 வெற்று, 5, 6 கூட்டல் என்று வைத்துக்கொண்டால் அதே கணக்குதான். போனில் ரோல் பண்ணுவதைத் தவிருங்கள், ரோலுக்காகப் போனை எடுத்தவர் ரோல் முடிந்ததும் கீழே வைக்க மாட்டார்.

ரூல்: காசு கொடுக்காமல் சட்டப்படியே நிறைய கிடைக்கிறது. டி அண்ட் டி-யின் எஸ்ஆர்டி (மற்றவர்களும் பயன்படுத்த வெளியிடும் அடிப்படை ரூல் தொகுப்பு) 5.1 ஜனவரி 2023-இல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்துவிட்டது. ஃபேட், டன்ஜன் வேர்ல்ட், கெய்ர்ன் மூன்றின் ரூல்களையும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். பிளேட்ஸ் இன் த டார்க் சிஸ்டத்துக்கு எஸ்ஆர்டி உண்டு. கர்ப்ஸ் லைட் 32 பக்கம், இலவசம். கால் ஆஃப் கதுல்ஹுவுக்கு இலவசமாகவே ஒரு குவிக் ஸ்டார்ட் (சுருக்கமான தொடக்க ரூல்) இருக்கிறது. பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பின் ரூல்கள் ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெத்திஸ் தளத்தில் இருக்கின்றன. சோதனை முடியும்வரை ஒரு புத்தகமும் வாங்காதீர்கள். காசு போட்டுவிட்டால் அப்புறம் அந்தப் புத்தகத்துக்காக வாதாட ஆரம்பித்துவிடுவோம்.

3. மூன்று சிஸ்டம், மூன்று குடும்பம்

பழையதையும் சேர்த்து மொத்தம் மூன்றுதான். அதற்கு மேல் போனால் நாலாவது செஷனுக்குப் பாதிப் பேர் வர மாட்டார்கள்.

அந்த மூன்றும் வேறு வேறு குடும்பமாக இருக்க வேண்டும். ஐந்தாம் பதிப்பின் 2014 ரூலையும் 2024 ரூலையும் பாத்ஃபைண்டரையும் வைத்துக்கொண்டு "மூணு சிஸ்டம் பார்த்தோம்" என்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்றும் டி20 போட்டு எண்ணைக் கூட்டுகிற ஒரே வீட்டுப் பிள்ளைகள், அவற்றுக்குள் வித்தியாசம் உண்டுதான், ஆனால் உங்கள் புகார் அந்த வித்தியாசத்துக்குள் அடங்குமா என்று முதலில் பாருங்கள்.

குடும்பங்கள் சுருக்கமாக:

டி20 போட்டு, திறன் எண்ணைக் கூட்டி, இலக்கை எட்டுவது: டி அண்ட் டி, பாத்ஃபைண்டர். சண்டைக்கான கருவிகள் இங்கேதான் அதிகம்.

திறன் எண்ணுக்குள் போடுவது: 1981 முதல் வரும் கால் ஆஃப் கதுல்ஹுவில் நூறு வரை போடும் பகடை, கர்ப்ஸில் மூன்று பகடை. கதுல்ஹுவில் ஷீட்டில் இருக்கும் எண்ணே உங்கள் வாய்ப்பு, புதியவருக்குச் சட்டென்று புரியும்.

இரண்டு பகடை, மூன்று விளைவு: 2010-இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட் தொடங்கிவைத்தது, டன்ஜன் வேர்ல்ட் அந்த வழி. 10 அல்லது அதற்கு மேல் முழு வெற்றி, 7 முதல் 9 வரை விலையோடு வெற்றி, 6 அல்லது அதற்குக் கீழே ஜிஎம் கை ஓங்கும்.

பல பகடை போட்டு மிகப் பெரியதை மட்டும் எடுப்பது: 2017-இல் வந்த பிளேட்ஸ் இன் த டார்க்.

கேரக்டரைப் பற்றிய வாக்கியமே ரூலாக வேலை செய்வது: ஃபேட்.

தேவையில்லாவிட்டால் ரோலே போடாதே என்பது: கெய்ர்ன். இதில் அடிக்க ரோல் கிடையாது, அடித்தால் பட்டது பட்டதுதான், எவ்வளவு காயம் என்பதற்கு மட்டும் டைஸ்.

சண்டை நீளுகிறது என்றால் கெய்ர்னை எடுங்கள். தோற்றால் ஒன்றும் நடக்கவில்லை என்றால் டன்ஜன் வேர்ல்ட் அல்லது பிளேட்ஸ். பயம் இல்லை என்றால் கதுல்ஹு அல்லது கெய்ர்ன். "என் கேரக்டரின் கதை ரூலில் எங்கேயும் வரல" என்றால் ஃபேட். சண்டையில் இன்னும் நுணுக்கம் வேண்டும் என்று புகார் வந்திருந்தால் மட்டும் பாத்ஃபைண்டர்.

4. எல்லாவற்றுக்கும் ஒரே சோதனைக் காட்சி

காட்சியை ரூல் இல்லாமல் எழுத வேண்டும். "இலக்கு 15" என்று எழுதிவிட்டால் அது டி அண்ட் டி காட்சியாகிவிடும். அப்புறம் மற்றதெல்லாம் அதன் நிழலில்தான் ஓடும்.

நான் பயன்படுத்தும் காட்சி நம் ஊர்க் காட்சி. 1760-ஆம் ஆண்டின் கடைசி இரவு. புதுச்சேரியை ஆங்கிலேயப் படை வளைத்து நிற்கிறது, ஊருக்குள் சோற்றுக்குப் பஞ்சம். அரியாங்குப்பம் ஆற்று வழியாக ஒரு படகில் ஆறு மூட்டை அரிசியை ஊருக்குள் சேர்க்க வேண்டும். வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. (அந்த இரவு அடித்த புயலில் கடலில் நின்ற ஆங்கிலேயக் கப்பல்கள் சிதறியது நடந்த கதை. விளையாட்டில் அது நேர நெருக்கடிக்கு உதவுகிறது.)

காட்சிக்குள் நான்கு தடைகள், நான்கும் வேறு வகை. கரையில் நிற்கும் காவலாளைத் தாண்டுவது பதுங்கலுக்கு. ஆற்றின் மறுகரையில் இருப்பவன் பாதி அரிசியைக் கேட்பது பேச்சுக்கு. மூன்று சிப்பாய்கள் படகைப் பார்த்துவிடுவது சண்டைக்கு. காற்று ஏற ஏற படகு தள்ளாடுவது நேரத்துக்கும் ஆபத்துக்கும். ஒரே வகைத் தடை வைத்தால் அந்த வகைக்கு ஏற்ற சிஸ்டம் ஜெயித்துவிடும்.

ஐந்தாவதாக ஒரு காலி இடம் விடுங்கள். ஒவ்வொரு சிஸ்டமும் எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்கு அங்கே வாய்ப்புக் கொடுக்க வேண்டும். கதுல்ஹு என்றால் ஆற்றில் ஒரு பிணம் மிதந்து வருகிறது, விளக்கைத் தூக்கிப் பார்த்தால் அதன் முகம் படகில் இருக்கும் ஒருவரின் முகம். மனநிலை ரூலைத் தொடாமல் கதுல்ஹுவைச் சோதித்தால் நூறு வரை போடும் வெறும் பகடையைத்தான் சோதித்திருக்கிறீர்கள். பிளேட்ஸ் என்றால் அந்த இடத்தில் ஃப்ளாஷ்பேக்: "அந்தக் காவலாளுக்கு நேத்தே சாராயம் வாங்கிக் கொடுத்துட்டேன்" என்று ஆட்டக்காரர் சொல்லலாம், அதற்கு ஸ்ட்ரெஸ் (கேரக்டர் தாங்கும் அழுத்தத்தின் கணக்கு) கட்ட வேண்டியிருக்கலாம்.

5. கேரக்டரை எண்ணிலிருந்து அல்ல, வாக்கியத்திலிருந்து செய்யுங்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். டி அண்ட் டி-யில் டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 16, அப்படியானால் டன்ஜன் வேர்ல்டில் எவ்வளவு, கதுல்ஹுவில் எத்தனை சதவீதம் என்று மாற்று விகிதம் போட உட்கார்ந்துவிடுவார்கள். வேண்டாம். எண்ணைத் தூக்கிக்கொண்டு போனால் பழைய சிஸ்டத்தின் எடையும் கூடவே வரும்.

ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கியம் மட்டும் எழுதுங்கள். "வள்ளியம்மை, அரியாங்குப்பத்துப் படகுக்காரி, இருட்டில் ஆறு தெரியும், தம்பி ஊருக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறான்." "துபாஷியிடம் கணக்கு எழுதியவன், நான்கு மொழி பேசுவான், கத்தி பிடிக்கத் தெரியாது." "பிரெஞ்சுப் படையை விட்டு ஓடிவந்த சிப்பாய்." அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சிஸ்டத்திலும் புதிதாகச் செய்யுங்கள்.

எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். கெய்ர்னில் மூன்று திறனுக்கும் தலா மூன்று பகடை போட்டு, ஹிட் புரொடெக்ஷனுக்கு (அடியைத் தாங்கும் எண்) ஒன்று போட்டு, சாமான் பட்டியல் எழுதினால் தீர்ந்தது. டீ ஆறுவதற்குள் கேரக்டர் ரெடி. கர்ப்ஸில் புள்ளிகளைச் செலவழித்துச் செய்வதற்குள் ஒரு மாலை போய்விடும். இது குறையா நிறையா என்பது உங்கள் ஆட்களைப் பொறுத்தது. கேரக்டர் செய்வதே விளையாட்டு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கெய்ர்ன் சப்பென்று இருக்கும்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: யாருக்கு ஷீட்டைப் படிக்கவே சிரமமாக இருக்கிறது. நம் மேஜையில் பேச்சு தமிழில், ரூல் ஆங்கிலத்தில். ஆட்டக்காரர் தன் முறையில் எத்தனை வரி ஆங்கிலம் படிக்க வேண்டியிருக்கிறது என்பது நமக்கு முக்கியமான அளவுகோல். டன்ஜன் வேர்ல்டில் ஒவ்வொரு மூவும் (ஒரு வகைச் செயலுக்கான ரூல்) ஒரு சின்னப் பத்தி. ஃபேட்டில் படிக்க வேண்டியது குறைவு, கேரக்டரைப் பற்றிய வரிகளை நீங்களே தமிழில் எழுதிக்கொள்ளலாம்.

6. ஆடும் முன் கொஞ்சம் கணக்கு

"இந்த சிஸ்டத்துல எப்பவும் தோத்துக்கிட்டே இருக்கோம்" என்று ஒரு செஷனை வைத்துத் தீர்ப்பு சொல்வார்கள். அது டைஸின் அன்றைய மனநிலையா, சிஸ்டத்தின் கணக்கா என்று தெரிய, முன்கூட்டியே எண்களைப் போட்டு வைக்க வேண்டும்.

டி அண்ட் டி-யில் +5 இருப்பவர் இலக்கு 15-ஐ எட்ட 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், அதாவது 55 சதவீதம். அட்வான்டேஜ் கிடைத்து இரண்டு டி20-இல் பெரியதை எடுத்தால் கிட்டத்தட்ட 80.

டன்ஜன் வேர்ல்டில் +1 என்றால் முழு வெற்றி 28 சதவீதம், விலையோடு வெற்றி 44, தோல்வி 28. பிளேட்ஸில் இரண்டு பகடை கையில் இருந்தால் 6 வந்து முழு வெற்றி 31 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே, 4-5 வந்து விலையோடு வெற்றி 44, தோல்வி 25.

இந்த 44-ஐக் கவனியுங்கள். டி அண்ட் டி பழக்கத்தில் வருகிறவர்கள் 7 முதல் 9 வரை விழுந்ததைத் தோல்வி என்று மனதில் எழுதிக்கொள்கிறார்கள், அதனால்தான் "எப்பவும் தோக்கறோம்" என்ற புலம்பல். உண்மையில் +1 உள்ள ஆள் பத்தில் ஏழு முறை நினைத்ததைச் செய்துவிடுகிறார், விலை கொடுத்து.

இன்னொரு கணக்கு, ஒற்றை டைஸுக்கும் பல டைஸுக்கும் உள்ள வித்தியாசம். டி20-இல் ஒரு +1 எங்கே சேர்த்தாலும் 5 சதவீதம்தான். கர்ப்ஸின் மூன்று பகடையில் திறன் 10-இலிருந்து 11-க்குப் போனால் 50 சதவீதம் 62.5 ஆகும், 14-இலிருந்து 15-க்குப் போனால் 90.7 என்பது 95.4 ஆகும், அவ்வளவே. அதாவது நடுவில் ஒரு புள்ளிக்கு மதிப்பு அதிகம், உச்சியில் குறைவு. ஃபேட்டின் நான்கு டைஸில் -1, 0, +1 மூன்றும் சேர்ந்து 63 சதவீதம் வரும், எனவே அங்கே திறமைசாலி திறமைசாலியாகவே இருப்பார். டி20-இல் தேர்ந்த வீரன் வாசற்படியில் தடுக்கி விழுவது சகஜம். சிலருக்கு அந்தக் கூத்துதான் பிடிக்கும், அதையும் புகார்ச் சீட்டோடு வைத்துப் பாருங்கள்.

7. எந்த வரிசையில் ஆடுவது

முதலில் உங்களுக்குப் பழகிய சிஸ்டம். அதைத் தெரியும்தானே என்று தாண்டிப் போகாதீர்கள், இதே காட்சியில் அது எப்படி ஓடுகிறது என்று தெரியாவிட்டால் மற்றதை எதோடு ஒப்பிடுவீர்கள்?

அடுத்து, அதிலிருந்து மிகத் தூரத்தில் இருப்பது. கடைசியில் நடுத்தரமானது. தூரத்தில் இருப்பதை முன்னால் வைப்பதற்குக் காரணம், கிட்டத்தில் இருப்பதை முதலில் ஆடினால் பழைய பழக்கம் உடையாமல் அப்படியே தொடரும். அதே காட்சியைத் திரும்ப ஆடுவதால் தடைகள் முன்பே தெரிந்திருக்குமே என்றால், தெரியட்டும். காவலாள் நிற்கும் இடத்தையும் மூன்று சிப்பாய்கள் வரும் திசையையும் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு ஒன்று, இரண்டு மணி நேரம், அதோடு நிறுத்திவிடுங்கள். ஒரே மாலையில் இரண்டு ஆடினால் இரண்டாவது சிஸ்டம் களைப்புக்குப் பலியாகும்.

சோதனையின்போது ஹவுஸ் ரூல் (நாமாகச் சேர்க்கும் ரூல்) கூடவே கூடாது. பிளேட்ஸில் சண்டைக்குத் தனி முறை வரிசை இல்லை என்றதும் "இனிஷியேட்டிவ் மட்டும் சேர்த்துக்கலாம்" என்பார் ஒருவர். கெய்ர்னில் "அடிக்க ஒரு ரோல் வெச்சுக்கலாம்" என்பார் இன்னொருவர். சேர்த்த நொடியில் நீங்கள் ஆடுவது வேறு சட்டை போட்ட டி அண்ட் டி. ரூல் அபத்தமாகத் தெரிந்தாலும் எழுதியபடியே ஆடுங்கள், அபத்தம் என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள், செஷன் முடிந்ததும் திட்டலாம்.

8. தோற்ற ரோலைப் பிடித்துப் பாருங்கள்

நம் காட்சியிலேயே பார்ப்போம். வள்ளியம்மை நாணலுக்குள் படகைத் தள்ளிக்கொண்டு காவலாளைத் தாண்டப் பார்க்கிறாள். டைஸ் சரியாக விழவில்லை.

டி அண்ட் டி: காவலாளின் பாஸிவ் பெர்செப்ஷன் (ரோல் இல்லாமலே கவனிக்கும் திறன்) 12. அவளுடைய ஸ்டெல்த் (பதுங்கல்) +5, விழுந்தது 6, மொத்தம் 11. பார்த்துவிட்டான். இங்கே ரூல் நின்றுவிடுகிறது. அவன் சுடுவானா, கத்துவானா, லஞ்சம் கேட்பானா என்பது முழுக்க ஜிஎம் தலையில். கைதேர்ந்த ஜிஎம் இருந்தால் பிரமாதம், புதியவர் என்றால் "பார்த்துட்டான், இனிஷியேட்டிவ் போடுங்க" என்று சண்டைக்குத் தாவுவார். சண்டை நீளுகிறது என்ற புகாரில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

டன்ஜன் வேர்ல்ட்: இதற்கு டிஃபை டேஞ்சர் என்ற மூவ். 8 விழுந்தால் ஜிஎம் ஒரு மோசமான விளைவையோ, கடினமான பேரத்தையோ, வேண்டாத தேர்வையோ முன்வைக்க வேண்டும் என்று ரூலே சொல்கிறது. "தாண்டிடலாம், ஆனா சத்தமில்லாம போகணும்னா ரெண்டு மூட்டையைத் தண்ணியில விடணும். விடறியா?" மேஜை அமைதியாகிவிடும். 6 அல்லது அதற்குக் கீழே விழுந்தால் ஜிஎம் வைத்ததுதான் சட்டம், ஆனால் ஆட்டக்காரருக்கு ஒரு எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) கிடைக்கும். ஜிஎம் அந்த இடத்திலேயே, அப்போதே, ஒரு நல்ல இக்கட்டை யோசிக்க வேண்டும் என்பதுதான் இதில் சிரமம். இரண்டாவது மணி நேரத்தில் ஜிஎம் திணறுகிறாரா என்று பாருங்கள்.

பிளேட்ஸ்: ரோலுக்கு முன்னாலேயே நிலைமை எவ்வளவு ஆபத்து, கிடைக்கும் பலன் எவ்வளவு என்று ஜிஎம் சொல்லிவிட வேண்டும். 3 விழுந்து காவலாள் துப்பாக்கியைத் தூக்கினால், ஆட்டக்காரர் "இதை எதிர்க்கிறேன்" என்று சொல்லி விளைவைக் குறைக்கலாம் அல்லது தவிர்க்கலாம். அதற்குத் தனியாகப் பகடை போட்டு, 6-இலிருந்து விழுந்த பெரிய எண்ணைக் கழித்தால் வருவது ஸ்ட்ரெஸ். மொத்தம் 9 கட்டம்தான், நிரம்பினால் கேரக்டருக்கு நிரந்தரமாக ஒரு ட்ரௌமா (மனக்காயம்). தோல்வி இங்கே ஒரு கணக்குப் புத்தகம், எதை இப்போது கட்டுவது, எதைத் தள்ளிப்போடுவது என்று ஆட்டக்காரரே முடிவு செய்கிறார். ஆனால் ஒவ்வொரு ரோலுக்கும் முன்னால் பேச்சு அதிகம், பொறுமையில்லாதவர்களுக்கு எரிச்சல் வரும்.

கதுல்ஹு ஏழாம் பதிப்பு: ஸ்டெல்த் 55, விழுந்தது 71. தோல்வி. ஆனால் வேறு வழியில் முயல்கிறேன் என்று சொல்லி ரோலை ஒரு முறை புஷ் பண்ணலாம். அதிலும் தோற்றால் விளைவு கடுமையாக இருக்கும். "சரி, தண்ணிக்குள்ள இறங்கி மூழ்கிக்கிட்டே படகைத் தள்றேன்." அந்த இரண்டாவது ரோலுக்கு மேஜையே எழுந்து நின்று பார்க்கும். சண்டை ரோலில் புஷ் கிடையாது, இதை மறந்துவிட்டு ஆடும் குரூப்கள் நிறைய.

ஃபேட்: தோற்றாலும் பெரிய விலை கொடுத்து ஜெயித்ததாக வைத்துக்கொள்ள வழி உண்டு. அல்லது ஒரு ஃபேட் பாயின்ட்டைக் கொடுத்து, "இருட்டில் ஆறு தெரியும்" என்ற வரியைக் காட்டி +2 வாங்கலாம். கேரக்டர் வாக்கியம் மேஜையில் நடமாடுவது இங்கேதான்.

கெய்ர்ன்: நாணல் இருக்கிறது, இருட்டு, காற்று, அவள் படகுக்காரி. ஜிஎம் ரோலே கேட்காமல் போகலாம். ஆபத்து உறுதி என்றால் மட்டும் டெக்ஸ்டெரிட்டி சேவ் (ஆபத்திலிருந்து தப்பிக்கும் ரோல்), டி20-இல் தன் எண்ணுக்குள் விழ வேண்டும். மாட்டிக்கொண்டால் துப்பாக்கிக் குண்டு தவறாது. முதலில் ஹிட் புரொடெக்ஷன் குறையும், அப்புறம் ஸ்ட்ரெங்த், அது குறைய ஆரம்பித்ததும் சேவ் போட்டுத் தப்பிக்க வேண்டும். அதனால் ஆட்டக்காரர்கள் சண்டைக்குப் போவதற்குப் பத்து முறை யோசிக்கிறார்கள். இது சிலருக்கு சுவாரசியம், சிலருக்கு "நாங்க ஹீரோவா இல்லையா" என்ற வருத்தம்.

நீங்கள் எடுத்த மூன்றிலும் இப்படி ஒரு தோற்ற ரோலைத் தேர்ந்து, அதற்குப் பிறகு மேஜையில் நடந்ததை அப்படியே எழுதி வையுங்கள். எனக்கு மற்ற எல்லாக் குறிப்பையும்விட இந்த மூன்று பத்திகள்தான் உதவியிருக்கின்றன.

9. என்ன குறிப்பது, என்ன கேட்பது

ஆடாமல் சும்மா உட்கார்ந்து பார்க்க ஒருவர் கிடைத்தால் அதிர்ஷ்டம். "நான் இதைச் செய்றேன்" என்பதற்கும் "இது நடந்தது" என்பதற்கும் இடையில் எவ்வளவு நேரம், புத்தகத்தை எத்தனை முறை திறந்தார்கள், யார் நீண்ட நேரம் பேசவே இல்லை. இந்த மூன்றும் போதும், இருபது கட்டம் போட்ட எக்செல் ஷீட் வேண்டாம். மதிப்பெண் போட்டுக் கூட்டினால் எல்லா சிஸ்டமும் ஏழு, ஏழரை என்று வந்து நிற்கும்.

ஆடி முடித்ததும் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்காதீர்கள். "நல்லா இருந்துச்சு" என்றுதான் பதில் வரும், ஜிஎம் மனம் கோணக்கூடாதே. பதிலாக, மறுநாள் தனித்தனியாக, "நேத்து நடந்ததுல என்ன ஞாபகம் இருக்கு?" என்று கேளுங்கள். நடந்த சம்பவத்தைச் சொன்னால் சிஸ்டம் வழிவிட்டிருக்கிறது. ரூல் சந்தேகத்தைச் சொன்னால் இடித்திருக்கிறது.

ஜிஎம்மிடம் வேறு கேள்வி: இதே சிஸ்டத்தில் அடுத்த வாரத்துக்குத் தயாராக என்னென்ன செய்ய வேண்டும்? அவர் முகம் வாடினால் மற்றவர்கள் எவ்வளவு குதித்தாலும் அந்த சிஸ்டம் ஓடாது.

10. ஒன்-ஷாட் (ஒரே செஷனில் முடியும் ஆட்டம்) காட்டாத பக்கம்

இரண்டு மணி நேரத்தில் கேரக்டர் எப்படி வளர்கிறது என்பது தெரியாது. மூன்றில் ஒன்றைக் கழித்துவிட்டு, மிச்சம் இரண்டின் வளர்ச்சி ரூலை மட்டும் தனியாகப் படியுங்கள்.

டி அண்ட் டி-யில் 20 லெவல் ஏணி, ஏற ஏற ஷீட் கனக்கும். ஒன்றாம் லெவலில் சுறுசுறுப்பாக ஓடிய மேஜை பத்தாம் லெவலில் மந்திரப் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருக்கும். கதுல்ஹுவில் பயன்படுத்திய திறனுக்குக் குறி வைத்து, பிறகு அந்த எண்ணைவிடப் பெரியதாகப் போட்டால்தான் கூடும், அதனால் தெரியாததைத்தான் வேகமாகக் கற்பீர்கள். கெய்ர்னில் லெவலே இல்லை, கிடைத்த சாமானும் பட்ட காயமும்தான் மாற்றம்.

முடிந்தால் கொஞ்சம் வளர்ந்த கேரக்டரை வைத்து இன்னொரு செஷன் ஆடுங்கள். வருடக்கணக்கில் கேம்பெயின் (தொடர்கதை ஆட்டம்) போடும் எண்ணம் இருந்தால் இதைத் தாண்டிப் போகவே கூடாது. மாதம் ஒரு தடவை கூடி ஆடுகிறவர்கள் என்றால் இந்தப் பகுதியையே விட்டுவிடலாம்.

11. தேர்ந்தெடுத்த பிறகு ஒரு தமிழ்ச் சீட்டு

புத்தகம் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள்: ரோல் எப்படி, தோற்றால் என்ன, காயம் எப்படி, ஆட்டக்காரர் செலவழிக்கக் கூடியது என்ன என்பதை ஏ4 தாளின் ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கொன்று கொடுங்கள். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை என்றால் உங்களுக்கே இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம், இன்னொரு செஷன் ஆடிவிட்டு எழுதுங்கள்.

அந்தச் சீட்டை மற்ற குரூப்களுக்கும் பரப்ப நினைத்தால் உரிமத்தைப் பாருங்கள். எஸ்ஆர்டி 5.1, பிளேட்ஸ் எஸ்ஆர்டி, டன்ஜன் வேர்ல்ட் உரை ஆகியவை, மூலத்தைக் குறிப்பிட்டால் மொழிபெயர்க்கவும் பகிரவும் விடுகிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் உள்ளவை. ஃபேட் எஸ்ஆர்டியும் அப்படித்தான். கெய்ர்னுக்குக் கூடுதலாக ஒரு நிபந்தனை உண்டு, நீங்கள் செய்ததையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். மூலத்தின் பெயரும் உரிமத்தின் பெயரும் சீட்டின் அடியில் ஒரு வரியாகப் போகட்டும், ஜெராக்ஸ் எடுக்கும்போது அந்த வரி வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.